வழுக்காத பாதை

"மேல ரொம்ப மழமழன்னு தேய்ச்சிடாதீங்க மேஸ்திரி. அவருக்குக் கால் வழுக்கக் கூடாது."

பின்வாசலிலிருந்து குளியலறை வரை ஈரக் கான்கிரீட் நீண்டு கிடந்தது. மேஸ்திரி தருமன் துடைப்பத்தை அதன்மேல் இழுத்துச் சொரசொரப்பாக்கினார். நாற்காலியில் இருந்த பரசுராமன், அதைச் சொன்ன சங்கீதாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பக்கவாதத்தில் அவனுக்கு வலது கால் விழுந்துவிட்டது, பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று கேள்விப்பட்டதும் சேத்துப்பட்டிலிருந்து ஓடிவந்தவள் சங்கீதா. வந்த கையோடு மேஸ்திரியைக் கூப்பிட்டாள். பிடித்து நடக்க ஓரமாகக் கம்பியும் வைக்கச் சொன்னாள்.

"குடுத்து வெச்சவம்பா நீ. வேற எவளா இருந்தா இப்பிடி வந்து பாப்பா?" என்றார் தருமன்.



பாதை இறுகியதும் தினமும் காலையில் பயிற்சி. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பாதி தூரம் வருவான். "முடியல சங்கீதா" என்று நின்றுவிடுவான்.

"பரவால்லீங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பாள்.

மாதங்கள் போயின. பாதியைத் தாண்டவே இல்லை.

ஐப்பசியில் ஒருநாள் சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. தறிக்காகக் கொடியில் காயப்போட்டிருந்த பட்டு நூலை எடுக்க ஓடினாள் சங்கீதா. பாதையை விட்டு மண்ணில் கால் வைத்தவள், சறுக்கி மல்லாந்து விழுந்தாள். அசைவில்லை.

"சங்கீதா!"

பின்வாசலில் ஊன்றி நின்ற தடியை எறிந்துவிட்டு ஓடினான் பரசுராமன். கம்பியைத் தொடக்கூட இல்லை. அவள் தலையை மடியில் வைத்துக் கன்னத்தைத் தட்டினான்.

கண் திறந்தவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவன் கால்களை. பின்வாசலில் கிடந்த தடியை.

"எப்பலேர்ந்து நடக்கறீங்க?"

"ஆடியிலேர்ந்து. நீ கடைக்குப் போறப்பல்லாம் நடந்து பாப்பேன்."

"அப்புறம் ஏங்க முடியாத மாதிரியே நடிச்சிகினு இருந்தீங்க?"

கொடியில் பட்டு நூல் நனைந்துகொண்டிருந்தது. இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.

"நடந்தா நீ போயிடுவியே..." என்றான்.

அவள் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். அவன் முழங்காலில் அப்பியிருந்த சேற்றை முந்தானையால் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் கையை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"போய்த்தானேங்க ஆவணும். நமக்குத்தான் டைவர்ஸ் ஆயிடுச்சே."