கையிருப்பில் ஒரு பெயர்

முதல் நாற்காலி மேடையைத் தாண்டிப் பறந்து சுவரில் மோதியபோது, நல்லவேளை பிளாஸ்டிக்கில் வாங்கினோம் என்றுதான் மேலாளர் நினைத்தாள்.

பழைய இரும்பு வியாபாரிகள் சங்கத்தில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவள் அவள் ஒருத்திதான். மற்ற எல்லாரும் முதலாளிகள்.

இது அவள் நடத்தும் முதல் பொதுக்குழு. மர வியாபாரிகள் சங்கத்தில் இதே வேலையில் பழம் தின்று கொட்டை போட்ட அக்கா ஒருத்தி, போன வாரம் போனில் எல்லாம் சொல்லியிருந்தாள். கண்ணாடி டம்ளர் வைக்காதே. வாசலிலேயே எல்லார் கைபேசியையும் கூடையில் வாங்கிவிடு, இல்லையென்றால் சண்டையைப் படம்பிடித்து ஊருக்கே காட்டிவிடுவார்கள். யார் பக்கமும் சாயாதே.

இதற்கெல்லாம் பிறகு, கடைசியாக ஒன்று சொன்னாள். அதுதான் விஷயம்.

"கூட்டம் ஆரம்பிக்கும்போது செத்துப்போன உறுப்பினர்களுக்கு மௌன அஞ்சலி வைப்போம்ல, அதுல ஒரு பேரை மட்டும் சொல்லாம கையில வச்சுக்கோ. அடிதடி ஆச்சுன்னா மைக்கைப் புடிச்சு அஞ்சலின்னு சொல்லு. எப்பேர்ப்பட்டவனும் செத்தவனுக்கு எந்திரிச்சு தலை குனிஞ்சிருவான். நிமிஷம் முடியாம ஒருத்தனும் நிமிர மாட்டான்."

அவளும் தேடிப் பார்த்தாள். இந்த வருஷம் ஒருத்தரும் சாகவில்லை. இரும்போடு புழங்குகிறவர்கள், கெட்டியாகத்தான் இருந்தார்கள். அவளுக்கு அது கவலையாகப் போயிற்று. கவலைப்பட்டதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

ஆண்டறிக்கை வாசிக்கும் நேரத்தில் பின்னறைத் தொலைபேசி அடித்தது. எழுந்து போய்ப் பேசினாள். திரும்பி வந்தபோது அவளிடம் ஒரு பெயர் இருந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் கூட்டம் அத்தோடு கலையும், தேர்தல் நிற்கும், இத்தனை முதலாளிகளையும் மறுபடி கெஞ்சிக் கூட்ட வேண்டும். ஓட்டெடுப்பு முடியட்டும், கொஞ்ச நேரம்தானே என்று வாயை மூடிக்கொண்டாள்.

துணைத்தலைவர் எழுந்தார். சங்கத்து எடைமேடை பொய் எடை காட்டுகிறது என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் தலைவர் சிரித்து மழுப்பியிருப்பார். இன்று நேற்றல்ல, தலைவரின் அப்பா இந்தச் சங்கத்தை ஆரம்பித்த நாளிலிருந்தே அந்தத் திருட்டு நடக்கிறது என்றார்.

"எங்கப்பாவை இழுத்த, நாக்கை அறுத்துருவேன்!"

அப்புறம்தான் நாற்காலி பறந்தது.

இரண்டு பக்கமும் மேடையேறிவிட்டது. பொருளாளரின் சட்டையைப் பின்னாலிருந்து தலைக்கு மேல் இழுத்துப் போட்டு, முகம் தெரியாமலே குத்தினார்கள். ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். விரலிடுக்கில் ரத்தமும் ஒரு பல்லும் வந்தன. நேற்றுவரை ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள், ஒருவர் கழுத்தை ஒருவர் நெரித்தபடி படிக்கட்டில் உருண்டார்கள்.

தலைவர் பதாகை கட்டியிருந்த இரும்புக் கம்பியைப் பிடுங்கினார். அக்கா கம்பியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, இவளுக்கும் தோன்றவில்லை.

முதல் அடி துணைத்தலைவரின் தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் மைக் வழியாக அரங்கம் முழுக்கக் கேட்டது. இரண்டாவது, தடுக்க வந்த கையில். ஆள் மல்லாந்து விழுந்தார். தலைவர் அவர் நெஞ்சில் காலை ஊன்றிக் கம்பியை ஓங்கினார். அடுத்தது தலைக்குத்தான்.

அவள் மைக்கைப் பிடித்தாள்.

"நம்மை விட்டுப் பிரிந்த நம் சங்க உறுப்பினருக்கு எல்லாரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துவோம்."

பெயரையும் சொல்ல வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். தலைவரின் முகத்தைப் பார்த்ததும் பெயரை விழுங்கிவிட்டாள்.

அதற்குள் அக்கா சொன்னது அப்படியே நடந்துவிட்டது. கழுத்துகளை விட்டுக் கைகள் இறங்கின. பொருளாளர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். பல் போனவரும் எழுந்தார். யாருக்கு அஞ்சலி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லாத் தலையும் கவிழ்ந்தது. எழ முடியாத துணைத்தலைவர் கிடந்தபடியே கண்ணை மூடிக்கொண்டார்.

தலைவரும் காலை எடுத்தார். கம்பி தரையைத் தொட, தலை குனிந்து நின்றார்.

அவளுக்கு மூச்சு வந்தது. ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று நிஜமாகவே சந்தோஷப்பட்டாள்.

அந்த அமைதியில், அவள் மேசைமேல் இருந்த கைபேசிக் கூடை அதிரத் தொடங்கியது.

எல்லாருக்கும் பிறகு வந்து சேர்ந்த தலைவரின் கைபேசி கூடையில் மேலாகக் கிடந்தது. அதைப் போடும்போது அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார். அப்பாவுக்கு முடியவில்லை, வீட்டிலிருந்து கூப்பிட்டால் மட்டும் உடனே வந்து சொல்லும்மா என்று. அவளும் சரிங்க என்றிருந்தாள்.

திரையில் 'அம்மா' என்று மின்னியது. அணைந்தது. மறுபடி மின்னியது.

குனிந்த தலையைத் திருப்பி அவர் அதைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"அப்பாவா?"

சத்தமில்லாமல் உதடு மட்டும்தான் அசைந்தது. அவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது. அதுவே போதுமாக இருந்தது.

தரையைத் தொட்டுக்கொண்டிருந்த கம்பி மெல்ல மேலெழுந்தது. மேசையைச் சுற்றிக்கொண்டு அவர் அவளை நோக்கி நடந்தார்.

அரங்கத்தில் ஒரு தலைகூட நிமிரவில்லை. நிமிஷம் இன்னும் முடியவில்லை.