நடுவீடு

கால்வாய்க்கரை வீடுகளை இடித்த பிறகு, மாற்று வீடு கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று மாநகராட்சி அங்கிருந்தவர்களைச் சமுதாய நலக்கூடத்தில் தங்கவைத்தது. புடவைகளைத் தடுப்பாகக் கட்டிக்கொண்டு அத்தனை குடும்பங்களும் அந்த ஒரே கூடத்தில் படுத்தெழுந்தன. மாற்று வீடு வருவதற்குள் தேசம்மாளின் கணவன் கோதண்டம் அரசு மருத்துவமனையில் இறந்துபோனான்.

உடலை ஏற்றிய வண்டி கூடத்து வாசலுக்கு வந்ததும் மேற்பார்வையாளர் ஓடிவந்து கைகூப்பினார்.

"உள்ள கொழந்தைங்கள்லாம் இருக்குதும்மா. எல்லாரும் சாப்ட்டுப் படுக்கற எடம். நேரா சுடுகாட்டுக்கே கொண்டுபோயிடுங்கம்மா."

அவர் சொன்னதில் தப்பில்லை என்று தேசம்மாளுக்கும் தெரிந்தது. ஆனாலும் ஒரு மனுஷனை வீட்டில் கிடத்தாமல் எப்படி அனுப்புவது?

"எங்கம்மா போவணும்?" என்றான் ஓட்டுநர்.

"எங்க வூட்டுக்கே வுடுப்பா."

கால்வாய்க்கரையில் செங்கல் குவியல்களுக்கு நடுவே அவர்கள் வீட்டின் சிமெண்டுத் தரை மட்டும் மிச்சமிருந்தது. தேசம்மாள் கற்களைப் பொறுக்கி எறிந்துவிட்டு, தரையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தாள். கூட வந்தவர்கள் அவனை நடுவீட்டில் கிடத்தினார்கள். அப்போதும் அவள் அழவில்லை.

சாவு கேள்விப்பட்டுப் பழைய தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். நாலு பக்கமும் திறந்துதான் கிடந்தது. எப்படி வேண்டுமானாலும் வந்திருக்கலாம். ஆனால் எல்லோரும் சுற்றிக்கொண்டு போய், கதவிருந்த இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். உயரமானவர்கள் அங்கே தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அதைப் பார்த்ததும் தேசம்மாள் வாய்விட்டுக் கதறினாள்.