விதைக்கு விட்ட காய்

சேஷகிரி பேனாக்கத்தியால் என் கத்தரிக்காயை அறுத்துக்கொண்டிருந்தார்.

பம்ப்செட் அறை ஜன்னல் வழியாக நானும் முத்தம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தோம். மதியச் சாப்பாட்டு வேளை. தோட்டத்தில் யாருமில்லை என்று நினைத்துவிட்டார்.

மஞ்சளாக முற்றிய காய். கறிக்கு உதவாது. விதைக்கென்று செடியிலேயே விட்டுவைத்தது. ஒரு காயில் ஆயிரம் விதை தேறும். ஒரு பை நிறைய எடுத்தால் ஊருக்கே நாற்று விடலாம்.

"யம்மா, அறுக்கறாரும்மா அந்தாளு! கூவட்டுமா?"

"வேணாம். பை ஒண்ணு எடுத்துட்டுப் போய்க் குடு. கையில எவ்ளோதான் புடிப்பாரு?"

முத்தம்மா என்னை முறைத்தாள். முறைக்காமல் என்ன செய்வாள்? வேறு மகரந்தம் சேராதபடி பூவுக்குப் பூ காகித உறை மாட்டி, அவளும் நானும் வளர்த்த செடிகள்.

இந்த விதைத் தோட்டத்துக்கு நேற்றுவரை அவர்தான் மேனேஜர். வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக விதைக்கடை போடுகிறார். விடைபெற வந்த மனுஷர் வெறுங்கையோடு போவாரா?

முன்பு நான் உருவாக்கிய கத்தரிக்கு லால்பாக் கண்காட்சியில் கோப்பை கிடைத்தது. மேடையேறி வாங்கியவர் சேஷகிரி. ரகத்தின் பெயர் 'சேஷகிரி ஸ்பெஷல்'. கீழே இறங்கியவர் என்னைப் பார்த்து, "கோமளம், இவாளுக்கெல்லாம் காபி சொல்லும்மா" என்றார்.

காலேஜில் விவசாயம் படித்தவள் நான். போய்ச் சொன்னேன். அன்று பற்றிக்கொண்ட வயிற்றெரிச்சல் இன்னும் அணையவில்லை.

தோட்டத்தில் இரண்டு வரிசைகள், பார்வைக்கு அக்கா தங்கை மாதிரி. இரண்டிலும் ஊதா நிறம், கொத்துக் கொத்தாகக் காய்ப்பு.

ஒன்று, பல சாகுபடிப் பட்டம் பொறுக்கிப் பொறுக்கி நான் நிலைக்கச் செய்த ரகம். அதன் விதை அதே செடியைத்தான் தரும்.

மற்றது போன பட்டத்துக் கலப்பு. அதன் அழகெல்லாம் இந்த ஒரு தலைமுறைக்குத்தான். விதையைப் போட்டால் ஒன்று நீளம், ஒன்று உருண்டை, ஒன்று வெள்ளை, ஒன்று முள், ஒன்று வாயில் வைக்க முடியாத கசப்பு.

இதெல்லாம் சேஷகிரிக்கும் தெரியும். எந்த வரிசை எது என்றுதான் தெரியாது. வரிசை முனையில் நட்டிருக்கும் தகர லேபிளைப் படிப்பதோடு சரி. அதில் இருப்பது என் எழுத்து. அதை அவர் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

இன்றும் 'நிலைத்த ரகம்' என்ற லேபிளைக் குனிந்து படித்துவிட்டுத்தான் கத்தியைத் திறந்தார்.

ஹொசகோட்டையிலிருந்து மாலூர்வரை விவசாயிகளுக்கு அவர் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. வரும் பட்டத்துக்குப் புது ரகம், மறுபடியும் அவர் பெயரில். மாலூரில் கத்தரி போடும் முத்தம்மாவின் தம்பியும் அவரிடம் சொல்லிவைத்திருக்கிறான்.

முத்தம்மா நீட்டிய பையை, மேனேஜருக்குச் செய்யும் மரியாதை என்றே எடுத்துக்கொண்டார். நிரப்பிக்கொண்டு என்னிடம் வந்தார். போவதற்கு முன் என் கையால் ஒரு வாய் காபி கிடைக்குமா என்றார்.

கெட்டிப் பாலில், சர்க்கரை தூக்கலாகக் கலந்தேன். அவருக்கு நான் மனமாரக் கலந்த காபி அது ஒன்றுதான்.

அவர் கார் கேட்டைத் தாண்டி வைட்ஃபீல்ட் சாலையில் திரும்பியது.

முத்தம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்து அவளை வரிசை முனைக்குக் கூட்டிப்போனேன்.

இரண்டு தகர லேபிள்களையும் பிடுங்கினேன். இடம் மாற்றி நட்டேன், இன்று காலை நான் கைவைப்பதற்கு முன்பு இருந்தபடியே.

முத்தம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் புரிந்துகொண்டாள்.

"மாலூர்ல உன் தம்பிகிட்ட மட்டும் சொல்லிவை. அந்தக் கடையில விதை வாங்க வேணாம்."

"மத்தவங்க என்னம்மா செய்வாங்க?" என்றாள்.

நான் காபி டம்ளரைக் கழுவப் போனேன்.