தங்கையின் முக அச்சு

சூப்பர் ஹீரோவுக்குத் தங்கையாக நடித்தவளின் முகத்தில் அச்செடுக்கப் பூசிய ஈரச்சாந்து இறுகிக்கொண்டிருக்கிறது. மூச்சுக்கு மூக்கில் இரண்டு துளைகள் மட்டும். படத்தின் இரண்டாம் பாகத்தில் அண்ணனைப் போலத் தனக்கும் முகமூடி உண்டு என்று பூரித்துப்போய்க் கிடக்கிறாள். தலைமாட்டில் மேக்கப்காரர் கைபேசியில் ரசிகர்களின் யோசனைகளை உதவியாளருக்குப் படித்துக் காட்டுகிறார். "தங்கச்சிய முதல் சீன்லயே போட்டுத்தள்ளுங்க, அப்பதான் அண்ணனுக்கு வெறி ஏறும்னு ஒருத்தன் எழுதியிருக்கான். டைரக்டர் சொக்கிப்போயிட்டாரு." "அப்ப இந்த அச்சு?" "பொணப் பொம்மைக்குத்தான்." "அண்ணே, அவங்களுக்குக் கேக்கும்." "கேக்கட்டுமே. வாயத் தொறந்தா அச்சு போச்சுன்னு அவங்களுக்குத் தெரியாதா?" சாந்து லேசாக நடுங்குகிறது. மேக்கப்காரர் அவள் கன்னத்தில் செல்லமாகத் தட்டுகிறார். "அழாதம்மா, பொம்மையும் அழுமூஞ்சியா வந்துடும். சிரிச்ச முகமா சாகணும்னு கேட்டிருக்காங்க." சாந்துக்குள் அவள் உதட்டோரங்களை மெல்ல உயர்த்துகிறாள்.