பனிப்படலம்

"இதை எழுதினவன் கொக்குதான். எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் வந்து சொல்வேன்!"

பேராசிரியை மதிப்பீட்டுக் காகிதத்தை மேஜைமேல் விசிறினாள். ஆய்விதழிலிருந்து அவள் கட்டுரை மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருந்தது. கட்டுரையைப் படித்துக் குறை சொல்லும் மதிப்பீட்டாளர் யார் என்று இதழ் சொல்லாது. ஆனால் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

கொக்கு அவளோடு கல்லூரியில் படித்தவன். நீளக் கழுத்துக்காரன், அதனால் அந்தப் பட்டப்பெயர். ஒரே வேலைக்கு இருவரும் விண்ணப்பித்து, அது அவனுக்குப் போனதிலிருந்து ஒன்பது வருடமாகப் பேச்சு இல்லை.

"அப்படி என்னதான் கேக்கறாங்க மேடம்?" என்றார் அவள் ஆய்வகத்தின் லேசர் இன்ஜினியர்.

"படிகத்தை எடுத்துட்டு, அந்த இடத்துல உலோகம் பூசின வெறும் கண்ணாடியை வெச்சு அளந்து காட்டணுமாம். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்றான்!"

நாலு வருட உழைப்பு அது. ஒரு லேசர் மின்னல் படிகத்தைத் தட்டும். கண் இமைக்கும் நேரத்தில் கோடியில் ஒரு பங்குகூட ஆகாது, அடுத்த மின்னல் போய் உள்ளே அணுக்கள் எப்படி நடுங்குகின்றன என்று பார்த்துவிட்டு வரும். கடுங்குளிரில் மின்னூட்டங்கள் வரிசைகட்டி நிற்கும்போது மட்டும் அணுக்கள் புதுத் தினுசாக நடுங்குவதை அவள் கண்டுபிடித்திருந்தாள். வேறு யாரும் பார்க்காத நடுக்கம்.

"அரைநாள் வேலைதானே மேடம். செஞ்சு பார்த்துடலாமே?"

"அவன் தாளம் போட நான் ஆடணுமா?"

அதே வாரம், வேறோர் ஆய்விதழ் ஒரு கட்டுரையை மதிப்பிடச் சொல்லி அவளுக்கு அனுப்பியது. எழுதியவர் பெயர் மேலேயே இருந்தது. கொக்கு!

வேண்டாம் என்று திருப்பியிருக்கலாம். இல்லை, ஒழுங்காகப் படித்திருக்கலாம். அவள் இரண்டையும் செய்யவில்லை. முதல் பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்தாள். புதிதாக எதுவும் இல்லை, கவனக்குறைவாகச் செய்த வேலை, நிராகரிக்கலாம் என்று நாலு வரி தட்டி அனுப்பிவிட்டாள். பக்கத்திலிருந்த காபி இன்னும் ஆறவில்லை.

அன்று முழுக்க மனசு லேசாக இருந்தது.

அடுத்த ஒரு மாதமும் டீ நேரத்தில் கொக்கு புராணம்தான். பொறாமை பிடித்தவன், குழி பறிக்கிறவன் என்று அவள் அடுக்க அடுக்க, மற்றவர்கள் தலையாட்டுவார்கள். இன்ஜினியர் மட்டும் பிஸ்கட்டை நனைத்தபடி சும்மா இருப்பார்.

பிறகு அவள் கட்டுரையைத் திருப்பிய இதழின் ஆசிரியரிடமிருந்து கடைசிக் கடிதம் வந்தது. அந்தச் சோதனை இல்லாமல் கட்டுரையை ஏற்க முடியாது.

"சரி, செஞ்சே காட்டறேன். அவன் மூஞ்சியில கரியைப் பூசறேன், எல்லாரும் வந்து பாருங்க!"

எல்லோரும் வந்தார்கள். படிகம் இருந்த இடத்தில் வெறும் கண்ணாடி. குளிர்கலனை மூடி, காற்றை உறிஞ்சி எடுத்து, குளிரூட்டினார்கள். கண்ணாடியில் அந்த நடுக்கம் இருக்காது; திரையில் கோடு நேராக வரவேண்டும்.

வரவில்லை. நெளிந்தது. அதே நடுக்கம், அச்சு அசல்.

இன்ஜினியர் குளிர்கலனைச் சுற்றிச் சுற்றி வந்து, ரப்பர் வளையத்தில் மயிரிழைபோல ஒரு கசிவைக் கண்டுபிடித்தார்.

"காத்து உள்ள போயிருக்கு மேடம். அதுல இருக்கற ஈரம் குளிர்ல உறைஞ்சு, மேல மெல்லிசா பனி படிஞ்சிருக்கு. இத்தனை நாள் நடுங்கினது படிகம் இல்ல. அந்தப் பனிதான்."

அவள் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அதுதான் அவளை இன்னும் சுட்டது.

அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக இதழுக்கு எழுதினாள். பிறகு ஃபோனை எடுத்தாள். ஊரைக் கூட்டித் தான் திட்டித் தீர்த்தவனிடம் ஒரு வார்த்தையாவது சொல்லவேண்டும்.

"கொக்கு... நான்தான் பேசறேன்."

"குரல் தெரியாதா எனக்கு? சொல்லு."

"நீ கேட்ட மாதிரியே செஞ்சு பார்த்தேன். நீ சந்தேகப்பட்டது சரிதான். அது வெறும் பனி."

"நான் கேட்டேனா? எப்போ? உன் கட்டுரை என்கிட்ட வரவே இல்லையே."

அவள் மேஜைமேல் கிடந்த மதிப்பீட்டுக் காகிதத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆனா பனின்னியே, அது எனக்கும் நடந்ததுதான்" என்றான் அவன். "ரெண்டு வருஷம் ஏமாந்தேன். கசிவை எப்படிக் கண்டுபிடிக்கறது, எப்படி அடைக்கறதுன்னு என் முட்டாள்தனத்தையெல்லாம் ஒண்ணுவிடாம எழுதி அனுப்பினேன், மத்தவங்களாவது தப்பிக்கட்டும்னு. எவனோ ஒருத்தன் படிக்காமலே தள்ளிட்டான். அதை விடு. உனக்கு அனுப்பறேன், ரெண்டாம் பக்கத்துலேருந்து பாரு. உபயோகமா இருக்கும்."

சரி என்று சொல்லி வைத்துவிடலாம். மதிப்பிட்டது யார் என்று எந்த இதழும் அவனிடம் சொல்லப்போவதில்லை.

"எவனோ இல்லடா..." என்றாள். "நான்தான். முதல் பக்கத்தைத் தாண்டலை. உன் பேரைப் பார்த்தேன், தள்ளிட்டேன். இன்னிக்கே அந்த இதழாசிரியருக்கு உண்மையை எழுதிடறேன்."



"தெரியும்" என்றான்.

"தெரியுமா?"

"'கவனக்குறைவு'ங்கற வார்த்தையில நடுவுல வர்ற 'க்'கை முழுங்கிட்டு எழுதற ஆள் உலகத்துலேயே ஒருத்திதான். மூணு வருஷம் உன் ரெக்கார்ட் நோட்டைத் திருத்தினவன் நான்."

"அப்புறம் ஏன்டா எவனோ ஒருத்தன்னு சொன்னே?"

"ஒன்பது வருஷம் கழிச்சுக் கூப்பிட்டிருக்கே. நீதான்னு சொன்னா, வெட்கப்பட்டு ஃபோனை வெச்சுடுவியேன்னுதான்."