உடனிருப்பவர்

"அவன் கையைக் கெட்டியா புடிங்கண்ணா! வளைவுல வண்டி மெதுவா போவும்போது குதிச்சிடப் போறான்!"

வெள்ளையம்மாள் கத்தியதும் புருஷோத்தமன் வெற்றிச்செல்வனின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மலைமேலிருக்கும் நெல்லிவாசலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த ஷேர் ஜீப்பில் பன்னிரண்டு பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். வெற்றியின் மூக்கில் நீர் ஒழுகியது. விடாமல் கொட்டாவி விட்டான். கால்கள் தானாக உதறின. மாத்திரை போட்டு ஒரு நாள் ஆகியிருந்தது.

"இந்தாளை மொதல்ல எறங்கச் சொல்லும்மா. இவரு வந்தா நான் வரமாட்டேன்."

"வாயை மூடுடா! உங்கப்பா உயிரோட இருந்தாக்கூட உனக்காக இவ்ளோ அலைஞ்சிருக்க மாட்டாரு."

வெற்றி அவரை முறைத்தான். புருஷோத்தமன் வெளியே பார்த்துக்கொண்டார்.

வெற்றிக்கு இருபத்தாறு வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால் புளி உலுக்க மரமேறியவன் தவறி விழுந்தான். முதுகு வலிக்கு என்று ஆரம்பித்த மாத்திரை, வலி போன பிறகும் நிற்கவில்லை. இப்போது அது இல்லாமல் அவனால் எழுந்து உட்காரக்கூட முடியாது. மூன்று வாரத்துக்கு முன் கீழே பஸ் ஸ்டாண்டில் வலிப்பு வந்து விழுந்தபோது, தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் புருஷோத்தமன். அங்கேதான் வெள்ளையம்மாள் அவரை முதன்முதலாகப் பார்த்தாள். மலையடிவாரத்து ஊர்க்காரர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. நல்ல மனுஷர், அது போதும்.

தனியார் மறுவாழ்வு மையத்தில் கேட்ட தொகையைக் காதில் வாங்கியதும் அவள் எழுந்து வந்துவிட்டாள். "அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருந்தா இதுக்கும் வைத்தியம் பாக்கற ஆஸ்பத்திரி இருக்கும்மா" என்று விசாரித்து வந்து சொன்னவர் அவர்தான். வருமானச் சான்று, புகைப்படம், கைரேகை என்று ஒவ்வொரு இடத்துக்கும் அவளோடு நடந்தார். இன்று விடிந்ததும் மலையேறி வந்து, புரண்டு அழுதவனைக் கிளப்பிக் கூட்டி வந்ததும் அவர்தான்.

ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுண்டரில் இருந்த அருணா, அட்டையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"ரேஷன் கார்டுல வெற்றின்னு இருக்கு. ஆதார்ல வெற்றிச்செல்வன். பேர் ஒத்து வரலைங்க. திருத்திக்கிட்டு திங்கக்கிழமை வாங்க."

"திங்கக்கிழமையா?" புருஷோத்தமன் கவுண்டர் பக்கம் குனிந்தார். "இப்ப திருப்பிக் கூட்டிட்டுப் போனா எங்கயாவது தேடிப் புடிச்சி வாங்கிப் போட்டுடுவாம்மா. இன்னொரு வலிப்பு வந்தா தாங்க மாட்டான்."

அருணா வெற்றியைப் பார்த்தாள். பெஞ்சில் சுருண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு பேருலயும் இருக்கறது ஒரே ஆள்தான்னு உங்க வி.ஏ.ஓ. எழுதி வாட்ஸ்அப்புல அனுப்பட்டும். ஒரு மணிக்குள்ள வந்தா நான் முயற்சி பண்றேன்."

மணி பன்னிரண்டு இருபது. மலையில் சிக்னல் கிடைப்பது பெரும்பாடு. புருஷோத்தமன் வி.ஏ.ஓ.வுக்கு விடாமல் போன் போட்டார். ஐந்தாவது தடவையும் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது குரல்.

"ஐயோ, ஓடறானே!"

வெற்றி வாசலைத் தாண்டிவிட்டான். புருஷோத்தமன் போனைக் காதில் வைத்தபடியே துரத்தினார். ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தில் எட்டி அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டார். வெற்றி திரும்பி அவர் முகத்தில் குத்தினான். உதடு கிழிந்து சட்டையில் ரத்தம் சொட்டியது.

"வுடுய்யா! எம்மேல இன்னா திடீர்னு அக்கறை?"

"குத்துடா. இன்னும் ரெண்டு குத்து. ஆனா உள்ள வா."

அவர் பிடி தளரவில்லை. வெற்றி அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். அப்போது போனில், "ஹலோ, யாருங்க?" என்றது வி.ஏ.ஓ.வின் குரல்.

மணி பன்னிரண்டு ஐம்பத்தாறுக்குக் கடிதம் வந்தது. அருணா படபடவென்று தட்டச்சு செய்தாள். கடைசியில் நிமிர்ந்தாள்.

"கம்ப்யூட்டர் எடுத்துக்கிச்சும்மா. இன்னிக்கே வார்டுல சேத்துடலாம். நீங்க ஒரு பைசா கட்ட வேணாம்."

வெள்ளையம்மாள் கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள்.

"இது ஆம்பளைங்க வார்டு. உடனிருப்பவர் யாரு?"

"நான் இருக்கேன். பேர் புருஷோத்தமன்."

"பேஷண்டுக்கு இன்னா உறவு வேணும் நீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மாமன்னு போடும்மா" என்றாள் வெள்ளையம்மாள். "கூடப் பொறந்த அண்ணனாட்டம் வந்து நின்னாரு."

"மாமனும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றான் வெற்றி, பெஞ்சிலிருந்து. "எங்கம்மாகிட்ட நீயே சொல்லுய்யா."

அருணா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அந்தக் கட்டத்தைக் காலியா வுட முடியாதுங்க. ஏதாவது சொல்லுங்க."

புருஷோத்தமன் உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டார். அருணாவைப் பார்க்காமல், வெள்ளையம்மாளைப் பார்த்துச் சொன்னார்.

"மருந்துக்கடைக்காரன்னு எழுதிக்கம்மா. டாக்டர் சீட்டு இல்லாம, ரெண்டு வருஷமா இவனுக்கு அந்த மாத்திரையை வித்தவன் நான்தான்."