வலது கை, இடது கை

பந்து நான்காவது முறையாகக் கிஷோரிடம் போனது.

அவனும் அப்போதுதான் முதன்முறை வாங்குகிறவனைப் போலத் துள்ளிப் பிடித்தான். கால்பந்து பிடிக்கும், புடலங்காய் பிடிக்காது என்று ஜெர்மனில் ஒப்பித்தான். இதற்கு முன் பாகற்காய், சுரைக்காய், கோவைக்காய் எல்லாம் ஆகிவிட்டன.

பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெற்றோர்கள் கைதட்டினார்கள். பாதிப் பேர் செல்போனில் படம் பிடித்தார்கள்.

ரேணுகா போய் ஜன்னலைத் திறந்துவிட்டாள். காலையில் வகுப்பறையில் அடித்த ரோஜா ஸ்ப்ரேயும் பெற்றோர்களுக்குக் கொடுத்த சமோசாவின் எண்ணெய் வாசனையும் மட்டும் அதற்குக் காரணமில்லை.

வானகரத்தில் பைபாஸை ஒட்டிய அந்தப் பள்ளிக்கு அவள்தான் ஜெர்மன் டீச்சர். எட்டாம் வகுப்பு முடிக்கிற பிள்ளைகளின் பெற்றோர், அடுத்த ஆண்டு எந்த மொழியில் சேர்ப்பது என்று முடிவு செய்ய ஏற்கெனவே ஜெர்மன் படிக்கிற மேல்வகுப்புப் பிள்ளைகளின் மாதிரி வகுப்பு பார்க்க வந்திருந்தார்கள். இருபது பேராவது படிவத்தில் கையெழுத்துப் போடாவிட்டால் ஜூனிலிருந்து ஜெர்மன் கிடையாது. ரேணுகாவும் கிடையாது.

விளையாட்டு என்னவோ நல்ல விளையாட்டுதான். பந்து யார் கையில் விழுகிறதோ அவர் தனக்குப் பிடித்தது ஒன்றும் பிடிக்காதது ஒன்றும் சொல்ல வேண்டும். யாரிடம் வரும் என்று தெரியாத படபடப்புதான் அதன் ருசியே.

துணை முதல்வர் கோமளாவுக்கு அந்தப் படபடப்பு ஆகாது.

அந்தப் பள்ளியில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. வெளியாட்கள் வந்தால் வகுப்பு முழுவதும் கை தூக்க வேண்டும். தெரிந்தவர்கள் வலது கை, மற்றவர்கள் இடது கை. டீச்சர் வலது கையாகப் பார்த்துக் கேட்டுக்கொள்வார். வந்தவர்கள் கண்ணுக்கு அத்தனை பிள்ளையும் மேதை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்காவது கொஞ்சம் கூச்சம் இருக்கும். இவர்கள் அதற்கு எட்டு நாள் ஒத்திகை பார்த்தார்கள்.

வலது கைக்கு ஆறு பேர் போதும் என்றார் கோமளா. பெயர்களை எழுதிக் கொடுத்தது ரேணுகா.

முதலில் எழுதிய பெயர் யுவராணி. ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வருகிற பெண். வகுப்பில் அவளைப் போல ஜெர்மன் எழுத இன்னொரு பிள்ளை இல்லை. ஆனால் வாய் திக்கும். ரேணுகா அந்தப் பெயரை அடித்துவிட்டுக் கிஷோர் என்று எழுதினாள்.

"உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்மா. அன்னைக்கு ஒரு நாள் மட்டும் இடது கையைத் தூக்கிடு," என்று அவளைத் தனியாகக் கூப்பிட்டு, தலையைத் தடவிக் கொடுத்துச் சொல்லியும் ஆயிற்று. அந்தப் பெண் தலையை விலக்கிக்கொண்டாள்.

பந்து ரேணுகாவிடம் திரும்பி வந்தது. ஸ்பாஞ்சு முழுக்கப் பிள்ளைகளின் வியர்வை பிசுபிசுத்தது. தொடவே அருவருப்பாக இருந்தது.

"இப்டி குடுங்க மிஸ், நா ஒரு வாட்டி போட்றேன்."

எழுந்து வந்தவர் ஏகாம்பரம். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருப்பவர். பட்டறையில் ஓடுவது ஜெர்மன் மெஷின், மகளும் அந்தப் பாஷையைப் படிக்கட்டும் என்று வாசலிலேயே சொல்லிவிட்டு உள்ளே வந்தவர். வெள்ளந்தியான மனிதர். எந்தக் கைக்கு எறிய வேண்டும் என்று அவருக்கு யார் சொல்வது?

முப்பத்திரண்டு கைகளும் உயர்ந்தன. பந்து போய் யுவராணியின் இடது கையில் விழுந்தது.

கோமளாவின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே உறைந்தது.

யுவராணி எழுந்து நின்றாள். முதல் சொல்லிலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு அம்மா செல்போனைக் கீழே இறக்கினார். இன்னொருவர் உச்சுக் கொட்டினார். முகம் சுளிக்காமல் காத்திருந்தவர் ஏகாம்பரம் ஒருவர்தான்.

எனக்கு ஜெர்மன் பிடிக்கும் என்று சொல்லி முடிக்க அவளுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது.

அடுத்த வாக்கியத்தைத் தொடங்கும்போது அவள் ரேணுகாவை நேராகப் பார்த்தாள்.

என்ன வரப்போகிறது என்று ரேணுகாவுக்கு அந்தப் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. சாமி, இந்தப் பெண்ணுக்கு நாக்கு இங்கேயே நின்றுவிடட்டும் என்று வேண்டிக்கொண்டாள். வேண்டிய மறுகணமே தன் முகத்தில் தானே காறித் துப்பலாம்போல் இருந்தது. ஆனாலும் வேண்டுதலை நிறுத்தவில்லை.

கடைசி இரண்டு சொற்களும் திக்காமல் வந்தன.

பெற்றோர்கள் பலமாகக் கைதட்டினார்கள். பாவம் பார்த்துத் தட்டுகிற தட்டு அது. ஏகாம்பரத்துக்கு மட்டும் அது போதவில்லை.

"பாப்பாவுக்கு இன்னா புடிக்காதாம், மிஸ்?"

"ஹோம்வொர்க், சார்."

பெற்றோர்கள் சிரித்தார்கள். போன உயிர் வந்தது போலக் கோமளாவும் சிரித்தார். ஏகாம்பரம் பக்கத்தில் இருந்தவரிடம் பேனா வாங்கி, அங்கேயே படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

பிள்ளைகளில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஜெர்மனில் ஆசிரியைக்கு என்ன சொல் என்று முப்பத்திரண்டு பேருக்கும் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தவள் ரேணுகாதான்.